குதூஹலமும் குதூகலமும்

பெங்களூரில் தேர்தல் முடிந்து ஓட்டு எண்ணுவதற்கு முந்தைய நாள் வரும் கன்னடப் பேப்பர்களைப் பார்த்திருக்கிறீர்களா? எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். முதல் பக்கத்தில் எங்காவது ஒரு மூலையில் 'குதூஹல' என்ற சொல் உட்கார்ந்திருக்கும். ஊரிலிருந்து போன வாரம்தான் பெட்டியோடு வந்திறங்கிய நம்ம ஆள் ஒருத்தர் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? "அடடா, இன்னும் முடிவே வரலை, அதுக்குள்ள எல்லாரும் குதூகலமா இருக்காங்களே!" என்றுதான்.

செய்தி சொல்வதோ வேறு. யார் ஜெயிப்பார் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் ஊரெல்லாம் ஏறிக் கிடக்கிறது, அவ்வளவுதான். கன்னடத்தில் குதூஹல என்றால் ஆவல். என்ன ஏது என்று அறிந்துகொள்ளத் துடிக்கும் துடிப்பு. சந்தோஷத்துக்கும் அதற்கும் நேரடியாகச் சம்பந்தம் கிடையாது. டெபாசிட் போய்விடுமோ என்று பயந்து கிடக்கும் வேட்பாளருக்கும் குதூஹல இருக்கலாம் :-)

சரி, இது கன்னடத்தின் தனிக் கணக்கோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. ஆபீஸில் பக்கத்து சீட் தெலுங்கு நண்பரைக் கேளுங்கள், குதூஹலம் என்றால் ஆவல் என்பார். மலையாளி நண்பரும் அதையே சொல்வார். இந்திக்காரர் குதூஹல் என்று வால் நறுக்கிச் சொல்வார், பொருள் அதேதான். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குச் சிங்களத்தில் உள்ள 'குதுஹலய' தெரிந்திருக்கும். அதுவும் ஆவல்தான்.

நம்ம ஊரில் மட்டும் இது துள்ளல். கோடை விடுமுறையில் ஊட்டி படகு இல்லத்தில் எடுத்த போட்டோவைப் போட்டு, கீழே 'சுற்றுலாப் பயணிகள் குதூகலம்' என்று எழுதாத தமிழ் நாளிதழ் உண்டா? 

ஒரே சொல். சுற்றியிருக்கும் வீடுகளில் எல்லாம் அதற்கு ஒரு பொருள், நம் வீட்டில் மட்டும் இன்னொரு பொருள். இது ஏன் என்று ஆணி கொஞ்சம் குறைவாக இருந்த நாட்களில் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்க யோசிக்க, விஷயம் அகராதியோடு முடியவில்லை. ஊரை விட்டு வந்து பிள்ளை வளர்க்கும் நம்மைப் போன்றவர்களின் வீட்டுக் கூடம் வரைக்கும் வருகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சொல்லின் ஊரைப் பார்த்துவிடுவோம். குதூஹலம் வடமொழிச் சொல். அங்கே அதற்கு ஆவல், வியப்போடு கூடிய ஆர்வம் என்று பொருள். லீலாவதி எழுதிய பாஸ்கரர் 1183-ல் ஒரு வானியல் கையேடு எழுதினார். கோள்கள் எங்கே இருக்கின்றன, கிரகணம் எப்போது என்று கணக்குப் போடும் நூல். அதன் பெயர் கரணகுதூஹலம். நம்ம ஊர் ஆள் கேட்டால் 'கணக்குக் கொண்டாட்டம்' என்று மொழிபெயர்த்துவிடுவார். (கணக்கில் தேறிய எந்தத் தமிழ்ப் பிள்ளையும் அதை ஒப்புக்கொள்ளாது!) 17ஆம் நூற்றாண்டில் ரகுநாதர் என்ற பண்டிதர் சாப்பாட்டைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். எந்தத் தானியம், எந்தக் காய், என்ன குணம் என்று அடுக்கும் நூல். அதன் பெயர் போஜனகுதூஹலம். நமக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே தலைவாழை இலையும் கல்யாணப் பந்தியும்தான் கண்ணில் தெரியும். அவர் சொன்னதோ, உணவைப் பற்றி அறியும் ஆவல்.

தமிழில் 'ஹ' ஒட்டாது. வருகிற வழியில் 'க' ஆகிவிடும். அப்படித்தான் குதூஹலம் குதூகலம் ஆனது. அதே வண்டியில் வந்து இறங்கிய இன்னொரு சொல்லும் உண்டு. கோலாஹலம். வடமொழியில் அது இரைச்சல், கூச்சல், அமளி. கன்னடத்தில் இன்றைக்கும் அப்படியே. விதான சௌதாவில் எதிர்க்கட்சிக்காரர்கள் நடுக்கூடத்துக்கு வந்து கத்தினால், மறுநாள் பேப்பரில் 'சதனதல்லி கோலாஹல' என்று வரும். சபையில் அமளி என்று அர்த்தம். நம்ம ஊரில்? 'மீனாட்சி திருக்கல்யாணம் கோலாகலம்', 'பொங்கல் விழா கோலாகலமாகக் கொண்டாடப்பட்டது.' சட்டசபை அமளிக்குக் கோலாகலம் என்று எந்தத் தமிழ் நிருபராவது எழுதினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இப்போது கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். ஆவல் என்று ஒரு சொல் வந்தது, தமிழர்கள் அதைச் சந்தோஷமாக்கிக்கொண்டார்கள். இரைச்சல் என்று ஒரு சொல் வந்தது, அதையும் சந்தோஷமாக்கிக்கொண்டார்கள். திருவிழாக் கூட்டத்தின் சத்தம் நமக்குச் சத்தமாகவே தெரிவதில்லை, அது கொண்டாட்டம். கொட்டும் நாதஸ்வரமும் வேட்டும் ஒலிபெருக்கியும் இல்லாத விழாவை நம்ம ஊரில் விழா என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆகவே கோலாகலத்தின் கதை எனக்குச் சுலபமாகப் புரிகிறது. குதூகலத்தின் கதைதான் கொஞ்சம் ஆழம்.

'குதி' என்ற சத்தம் முதலிலேயே இருப்பதால் குதித்தல், கூத்து எல்லாம் நம் காதில் சேர்ந்து ஒலித்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம்தான், ஆதாரம் கேட்காதீர்கள். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றை நாம் பேசும் தமிழிலேயே சோதித்துப் பார்க்கலாம். குதூகலம் என்ற சொல்லை எங்கே சொல்கிறோம், எங்கே சொல்வதில்லை?

சம்பள உயர்வு வந்தால் சந்தோஷம். யாரும் குதூகலம் என்று சொல்வதில்லை. அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ளும் தாத்தா பாட்டிக்கு மனநிறைவு. பரீட்சையில் பாஸானால் நிம்மதி. வீட்டுக் கடன் அடைந்தால் பெருமூச்சு. குதூகலம் எங்கே வருகிறது? முதல் தடவை கடலைப் பார்க்கும் பிள்ளைக்கு. ரயில் ஜன்னல் ஓர சீட்டு கிடைத்தவனுக்கு. சர்க்கஸ் கூடாரத்துக்குள் நுழைகிறவனுக்கு. ஆற்றில் புது வெள்ளம் வந்துவிட்டது என்று பாலத்துக்கு ஓடும் கூட்டத்துக்கு. பெரும்பாலும் எதிரே ஒரு புதுசு இருக்கும். அடுத்து என்ன வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு இருக்கும். அநேகமாகப் பிள்ளைகள் இருப்பார்கள், அல்லது பிள்ளையாகிவிட்ட பெரியவர்கள்.

அப்படியானால் பழைய பொருள் போய்விடவில்லை. ஆவலை வெளியே துரத்திவிட்டுத் தமிழ் அங்கே சந்தோஷத்தைக் குடிவைக்கவில்லை. ஆவலிலிருந்து பிறக்கும் சந்தோஷத்துக்கு மட்டும் தனியாக ஒரு பெயர் வைத்துக்கொண்டது. மற்ற மொழிகளில் இந்தச் சொல் கதவைத் திறக்கும் முன் உள்ள துடிப்பு. தமிழில் கதவு திறந்த அந்த நொடி. 

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் உண்டு. உடம்பில் தெரியும் உணர்ச்சிகளை எட்டாகப் பிரிக்கிறார் தொல்காப்பியர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றும் எதனால் வருகிறது என்று நான்கு நான்காகக் காரணமும் சொல்கிறார். வியப்பு என்று நாம் சொல்லும் மருட்கைக்குக் காரணம் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். மகிழ்ச்சியாகிய உவகைக்குக் காரணம் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. இதில் புலன் என்பதற்கு அறிவு என்று உரை சொல்வதும் உண்டு. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதுமை ஒரு பெட்டியில் இருக்கிறது. விளையாட்டும் அறிவும் இன்னொரு பெட்டியில். குதூகலம் என்ற சொல்லை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? இரண்டுக்கும் நடுவில் பாலம் மாதிரி நிற்கிறது. உவகை என்றோ மகிழ்ச்சி என்றோ சொன்னால் இந்தப் பாலம் கிடைக்காது.

இங்கே ஒரு நண்பர் கையைத் தூக்குவார். "அதெல்லாம் சரி, அது வடசொல். தூய தமிழில் பெருமகிழ்ச்சி என்று சொல்லலாமே?" 

அவரை நான் கிண்டல் செய்யப் போவதில்லை. 1916-ல் மறைமலை அடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கவில்லை என்றால் நாம் இன்று எழுதும் தமிழ் இப்படி இருந்திருக்காது. அன்றைக்கு வேட்பாளருக்குப் பெயர் அபேட்சகர். கூட்டத் தலைவர் அக்கிராசனர். மேடைப் பேச்சில் பாதி புரியாது. வேதாசலம் என்ற தன் பெயரையே மாற்றிக்கொண்ட மனிதர் அவர். அவரும் பின்னால் வந்தவர்களும் எடுத்த சிரமத்தால், சாதாரண ஆள் பேப்பர் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அபேட்சகருக்கும் குதூகலத்துக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அபேட்சகர் தமிழ் வீட்டில் விருந்தாளியாகவே இருந்தார். கட்டிய துண்டை அவிழ்க்கவே இல்லை, ஒரு நாள் கிளம்பிப் போனார், யாருக்கும் வருத்தம் இல்லை. குதூகலம் அப்படி அல்ல. வந்தது, எழுத்தை மாற்றிக்கொண்டது, நம்மோடு திருவிழாவுக்கு வந்தது, வேறு பொருளுக்கு மாறியது. இன்றைக்கு அது பிறந்த ஊருக்கே போய் நின்றால் அங்கே யாருக்கும் அடையாளம் தெரியாது. இங்கே வந்து ஆளான ஒன்றை இங்கேயுள்ளது என்று சொல்லாமல் என்ன சொல்வது? பெங்களூரில் முப்பது வருடம் இருந்து, ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் வாங்கி, பேரன் பேத்தி எடுத்தவரிடம், "நீங்க எந்த ஊரு?" என்று கேட்கும்போது அவர் முகம் ஒரு மாதிரி போகுமே, பார்த்திருக்கிறீர்களா? சொல்லுக்கு முகம் இருந்தால் அதுவும் அப்படித்தான் போகும்.

தூய தமிழ்ச் சொல் என்றால் இடம் மாறாது என்றும் நினைக்க வேண்டாம். மகிழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சங்க காலத்தில் மகிழ் என்றால் கள் தரும் மயக்கத்தையும் குறித்தது, கள்ளையே குறித்ததும் உண்டு. களிப்பும் அப்படித்தான். வள்ளுவரின் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் களித்தவன் என்றால் சந்தோஷமாக இருப்பவன் இல்லை, குடித்திருப்பவன். இன்றைக்குக் கல்யாணப் பத்திரிகையில் 'மகிழ்ச்சியுடன் அழைக்கிறோம்' என்று போடுகிறோம். பாட்டிலை நினைத்து யாரும் போடுவதில்லை (சில மாமாக்கள் விதிவிலக்கு). கள்ளுக்கடையிலிருந்து கிளம்பிய சொல் கல்யாண மண்டபத்துக்கு வந்துவிட்டது. உள்ளூர்ச் சொல்லுக்கு அந்த உரிமை உண்டென்றால் வந்த சொல்லுக்கு மட்டும் ஏன் கிடையாது?

பக்கத்து வீட்டுக்காரர்களும் இதையேதான் செய்திருக்கிறார்கள். கன்னடத்தில் சம்பிரம என்ற சொல் உண்டு. தீபாவளி வந்தால் 'தீபாவளி சம்பிரம', நவம்பர் 1 வந்தால் 'ராஜ்யோத்ஸவ சம்பிரம'. கொண்டாட்டக் களிப்பு என்று பொருள். வடமொழியில் அதே சொல்லுக்குப் பரபரப்பு, பதற்றம், குழப்பம் என்றெல்லாம் பொருள். மலையாளத்தில் இன்றும் அது மனக்கலக்கம்தான். நாம் ஆவலைச் சந்தோஷமாக்கினோம், கன்னடர்கள் பதற்றத்தைச் சந்தோஷமாக்கினார்கள். பெண் வீட்டுக்காரர் யாரையாவது கல்யாணத்துக்கு முதல் நாள் பார்த்திருந்தால் அந்தக் கணக்கும் புரியும் :-)

சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. மலாயில் 'கெம்பிரா' என்றால் மகிழ்ச்சி. உங்கள் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் சொல்தான். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? கம்பீரத்திலிருந்து! வடமொழியில் அதற்கு ஆழம் என்று பொருள். நமக்குக் கம்பீரம் என்றால் மிடுக்கான தோற்றம், நல்ல குரல். கன்னடத்தில் கம்பீர என்றால் தீவிரம். 'ஸ்திதி கம்பீர' என்று போட்டால் நோயாளி கவலைக்கிடம் என்று பொருள். ஒரே சொல் சென்னையில் மீசை முறுக்குகிறது, பெங்களூரில் ஐ.சி.யு.வில் கிடக்கிறது, கோலாலம்பூரில் சிரிக்கிறது. அதே மலாயில் 'சிந்தா' என்றால் காதல். வடமொழியில் அது சிந்தனை, கவலை. கவலை காதலானதா, காதல்தான் கவலையா என்பதை அவரவர் அனுபவத்துக்கு விட்டுவிடுகிறேன்.

நிற்க. இத்தனையும் சொன்னது வெறும் சொல் விளையாட்டுக்காக இல்லை. 

ஊரை விட்டு வந்த நம் வீடுகளில் தமிழ் எப்படி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பெங்களூரோ, ஃப்ரீமாண்ட்டோ, சிட்னியோ, எங்கும் கிட்டத்தட்ட ஒரே காட்சிதான். தமிழ் ஒரு கடமை. சனி ஞாயிறு தமிழ் வகுப்பு, ஆத்திசூடி ஒப்பித்தல், ஆண்டு விழாவில் ஒரு திருக்குறள். "உன் தாய்மொழி, நீ படிச்சே ஆகணும்." பிள்ளை ஏன் என்று கேட்டால் நம்மிடம் இருக்கும் பதில் இரண்டே. ஒன்று பெருமை, உலகின் மூத்த மொழிகளில் ஒன்று என்பது. இரண்டு குற்ற உணர்ச்சி, பாட்டியோடு எப்படிப் பேசுவாய் என்பது. இரண்டும் உண்மையே. ஆனால் இரண்டிலும் பிள்ளைக்கு ஆவல் வர வழியில்லை. பெருமை நம்முடையது, குற்ற உணர்ச்சியும் நம்முடையது. பிள்ளைக்கு என்று அதில் எதுவும் இல்லை. பத்து வயது வரை வகுப்புக்கு வரும், பன்னிரண்டில் நின்றுவிடும். வீட்டில் நாம் தமிழில் கேட்க, பிள்ளை இங்கிலீஷில் பதில் சொல்லும்.

கன்னடத்தின் கதி நம் வீடுகளில் இன்னும் மோசம். 2015-ல் கர்நாடக அரசு கன்னட மொழிக் கற்றல் சட்டம் கொண்டுவந்ததிலிருந்து, மத்திய வாரியப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகளின் பையிலும் கன்னடப் புத்தகம் ஏறியிருக்கிறது. அதை எத்தனை வீடுகளில் பெரியவர்கள் சுமையாகவே பேசுகிறார்கள்! "இதை வெச்சு என்ன பண்ணப் போறே, பாஸ் மார்க் வாங்கினாப் போதும்." பிள்ளைக்கு இயல்பாக இருந்த குதூஹலத்தையும் நாமே அடித்து உட்கார வைக்கிறோம். 

இரண்டு மொழிக்கும் நடுவே பெரியவர்கள் போட்டு வைத்திருக்கும் வேலியும் சின்னது இல்லை. 1809-ல் பிரிட்டிஷார் கண்டோன்மென்ட் அமைத்த காலத்திலிருந்து, பட்டாளத்தோடும் வியாபாரத்தோடும் கூலி வேலையோடும் வந்த தமிழர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆனாலும் காவிரி என்றால் 1991-ம் ஞாபகம் வரும், 2016-ம் ஞாபகம் வரும். அல்சூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலை 18 வருடம் துணி போர்த்தி நின்றது. 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறந்தார்கள். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அந்தப் பதினெட்டு வருடமும் அவ்வழியே போன சின்னப் பிள்ளைகளுக்கு இருந்திருக்கக்கூடியது கன்னடத்துக் குதூஹலம், உள்ளே என்ன இருக்கிறது என்ற ஆவல். துணி விலகிய அன்றைக்கு வந்தது தமிழ்க் குதூகலம். பெரியவர்களுக்கு அது அரசியல். பிள்ளைகளுக்கு ஆவலும் மகிழ்ச்சியும்தான்.

என் கட்சி இதுதான். புலம்பெயர்ந்த வீட்டில் தமிழ் தங்க வேண்டுமென்றால், கடமையும் பெருமையும் போதாது. குதூகலம் வேண்டும், சொல்லின் இரண்டு பொருளிலும். அதை ஊட்ட அக்கம்பக்கத்து மொழிதான் நமக்குக் கிடைத்திருக்கும் நல்ல கருவி.

சும்மா சொல்லவில்லை. கன்னடம் படிக்கும் பிள்ளைக்கு இந்தச் சொற்களைக் கொடுத்துப் பாருங்கள். ஹாலு, ஹூவு, ஹுலி, ஹல்லு, ஹத்து. பக்கத்திலேயே தமிழையும் எழுதுங்கள். பால், பூ, புலி, பல், பத்து. வேறு எதுவும் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை தானே சொல்லும், "ப வர்ற இடத்துல எல்லாம் ஹ வருது!" சொன்ன பிறகு பாருங்கள் முகத்தை. அப்புறம் பிள்ளையே கிளம்பிவிடும். போ என்றால் ஹோகு, பாடு என்றால் ஹாடு. பஸ் போர்டில் மாரத்தஹள்ளி என்று வரும்போது, ஹள்ளி என்பது திருச்சிராப்பள்ளியில் இருக்கும் பள்ளிதானா என்று கேட்கும். ஆமாம், அதேதான். பழைய கன்னடத்தில் இவையெல்லாம் பகரமாகவே இருந்தன. பத்தாம் நூற்றாண்டுக் கவி பம்பன் காலத்தில் புலி புலிதான். பிறகு மெல்ல மெல்லத்தான் ஹகரமாக மாறியது. இதைச் சொன்னால் இரண்டு மொழியும் ஒரு தாத்தாவின் பேரப்பிள்ளைகள் என்று நாம் பிரசங்கம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. பிள்ளை தானே கண்டுபிடித்திருக்கும். தானே கண்டுபிடித்ததை யாராலும் பிடுங்க முடியாது.

அதைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றியது, குதூஹலம் குதூகலமாக மாறுவதற்கு நூற்றாண்டுகள் தேவையில்லை. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும்.

கர்நாடக அரசுப் பள்ளிகளுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. 1995 வாக்கில் மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவனகோட்டையில் தொடங்கிய ஒரு கற்பித்தல் முறைக்கு 'நலி கலி' என்று பெயர். அட்டைகள், பாட்டு, விளையாட்டு என்று சின்ன வகுப்புப் பிள்ளைகள் தங்கள் வேகத்தில் படிக்கும் முறை, பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. தமிழ்க் கண்ணுக்கு அந்தப் பெயர் அபசகுனம். நலி என்றால் நலிந்து போ, கலி என்றால் கலிகாலம்! ஆனால் கன்னடத்தில் நலி என்றால் மகிழ்ந்து ஆடு. கலி என்றால் கல், அதாவது படி. மகிழ்ந்து படி. நமக்குத் துன்பமாகக் கேட்கும் இரண்டு சொல், பக்கத்து வீட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூப்பிடுகிறது. இதை ஒரு தமிழ்ப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், ஒரு வாரம் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் இரண்டு மொழியும் உள்ளே போய்விடும்.

"இப்படிக் கலந்து சொல்லிக் கொடுத்தால் தமிழ் கெட்டுவிடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான பயம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் பேசும் தமிழில் கன்னடம் தாராளமாகப் புழங்குவதை நானும் கேட்கிறேன். ஆனால் எது கலப்பு, எது ஒப்பிடல் என்ற வித்தியாசம் தெரிய வேண்டும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டுக்கொண்டே போனால் கலப்பு. இது அங்கே இப்படி, இங்கே ஏன் அப்படி என்று கேட்டால் ஒப்பிடல். ஒப்பிடும் பிள்ளைக்கு இரண்டின் எல்லையும் தெளிவாகத் தெரியும். சொல்லப்போனால், ஊரிலேயே இருக்கும் பிள்ளைக்குக் கிடைக்காத வசதி இது. தமிழ் மட்டுமே காதில் விழும் ஊரில் குதூகலம் என்ற சொல்லை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது விசித்திரமான சொல் என்பதே வெளியே வந்தவனுக்குத்தான் தெரிகிறது.

புலம்பெயர்ந்ததில் நாம் இழந்தவற்றுக்கு எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. கொசுவத்தி சுத்தச் சொன்னால் நானும் விடிய விடியச் சுத்துவேன். கிடைத்தவற்றின் பட்டியல்தான் சின்னது. அதில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன். அடுத்த தடவை உங்கள் பிள்ளை கன்னடப் புத்தகத்தையோ மலாய்ப் புத்தகத்தையோ கொண்டுவந்து, "அப்பா, இது நம்ம வார்த்தை மாதிரியே இருக்கே, ஏன்?" என்று கேட்டால், போனைக் கீழே வையுங்கள். பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சேர்ந்து தேடுங்கள். மணி எட்டரை ஆகிவிட்டது, ஹோம்வொர்க்கை முடி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.